எட்டு எழுத்தும் 255 பைட்டும்

1990-களின் தொடக்கத்தில் நம் ஊர் டி.டி.பி. மையம் ஒன்றில் முருகேசனின் கல்யாணப் பத்திரிகை தட்டச்சாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோப்பின் பெயர் 'முருகேஸ்1' என்றுதான் இருந்திருக்கும். ஆங்கிலத்தில் தட்டினால் சரியாக எட்டு எழுத்து. பிறகு ஒரு புள்ளி, அதையடுத்து பேஜ்மேக்கர் கோப்பு என்று காட்டும் மூன்று எழுத்து வால். அடுத்த மாதம் இன்னொரு முருகேசன் வந்தால் 'முருகேஸ்2'. எந்த முருகேசன் எந்தக் கோப்பில் இருக்கிறார் என்பதைக் கணினி சொல்லாது; மேசையோரம் கிடக்கும் கோடு போட்ட நோட்டுதான் சொல்லும். வரிசை எண், வாடிக்கையாளர் பெயர், ஊர், எந்த ஃப்ளாப்பி, என்ன கோப்புப் பெயர் என்று பேனாவால் எழுதிவைப்பார்கள். பழைய வேலையைத் தேட வேண்டுமென்றால் முதலில் அந்த நோட்டைத்தான் புரட்டுவார்கள்.

எட்டும் மூன்றும் என்ற அந்தக் கணக்கு டாஸ் காலத்துச் சட்டம். அதற்கும் முன்பே, கேரி கில்டால் 1974-இல் எழுதிய சிபி/எம் இயக்கமுறையிலேயே அது இருந்தது. 1981-இல் ஐ.பி.எம். கணினியோடு வந்த எம்.எஸ்.டாஸ் அதை அப்படியே வாங்கிக்கொண்டது. வட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் பட்டியலில் 32 பைட் இடம். அதில் பெயருக்கு 11 பைட். இடையில் நாம் பார்க்கும் புள்ளி வட்டில் எழுதப்படுவதே இல்லை, திரையில் காட்டும்போது சேர்த்துக்கொள்வார்கள். அந்த முதல் கணினியின் ஃப்ளாப்பியில் மொத்தமே 160 கிலோபைட்தான் கொள்ளும். பெயருக்குப் பதினொரு பைட் கொடுத்தவர்களைக் கஞ்சர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மற்ற இடங்களில் நிலைமை கொஞ்சம் தாராளம். கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸில் தொடக்க காலத்தில் ஒரு பெயருக்கு 14 பைட். பட்டியலின் ஒவ்வொரு வரியும் 16 பைட். அதில் இரண்டு கோப்பின் எண்ணுக்குப் போக மீதி பெயருக்கு. 1983-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2 பி.எஸ்.டி. பதிப்பு அதை 255 ஆக்கியது. ஆப்பிளின் மெக்கின்டாஷில் 1985 முதல் 31 எழுத்து. ஆனால் நம் ஊரில் அச்சகத்துக்கும் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் வந்து சேர்ந்தவை பெரும்பாலும் டாஸும் அதன்மேல் ஏறிய விண்டோஸ் 3.1-உம்தான். அதனால் நமக்கு வாய்த்தது எட்டெழுத்து.

அந்தக் கட்டுப்பாட்டில் ஒரு நன்மை இருந்தது. இன்று திரும்பிப் பார்க்கும்போதுதான் அதன் அருமை தெரிகிறது. எல்லை எங்கே இருக்கிறது என்பது அனைவருக்கும் தெரியும். ஒன்பதாவது எழுத்து பெயரில் ஏறவே ஏறாது. பெயர் வைப்பவர்தான் சிரமப்படுவார். அந்தக் கோப்பைப் பின்னால் நகலெடுப்பவருக்கு எந்தச் சிரமமும் இல்லை. நார்ட்டன் கமாண்டரின் நீலத் திரையில் இடப்பக்கம் ஒரு வட்டு, வலப்பக்கம் ஒரு வட்டு. எஃப்5-ஐ அழுத்தினால் கோப்பு இங்கிருந்து அங்கே போகும். இடம் போதவில்லை என்று நிற்கும், ஃப்ளாப்பி கெட்டுப்போய் நிற்கும். பெயர் நீளம் என்று நின்றதாகச் சொல்பவரைப் பார்ப்பது அரிது. ஒரு டாஸ் வட்டில் இருக்கக்கூடிய பெயர் இன்னொரு டாஸ் வட்டிலும் இருக்கும்.

1993-இல் விண்டோஸ் என்.டி.யும் அதன் என்.டி.எஃப்.எஸ். வட்டு முறையும் 255 எழுத்துப் பெயரைக் கொண்டுவந்தன. அது பெரிய அலுவலகங்களோடு நின்றது. வீட்டுக்கும் தெருமுனைக் கடைக்கும் நீண்ட பெயரைக் கொண்டுவந்து சேர்த்தது 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95. பத்தாண்டுகளாக 31 எழுத்தில் பெயர் வைத்துக்கொண்டிருந்த ஆப்பிள், அந்த வெளியீட்டையொட்டி நாளிதழில் ஒரு விளம்பரம் கொடுத்தது. வாழ்த்துகள் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை டாஸ் பாணியில் எட்டெழுத்தாக நறுக்கி, சி டிரைவின் 'சி'-யையே அதற்கு முதலெழுத்தாக்கி, டபிள்யூ95 என்று வால் வைத்த விளம்பரம். எட்டெழுத்தில் பெயர் வைத்தே காலம் தள்ளியவர்களுக்கு அதன் குத்தல் நன்றாகப் புரிந்தது.

மைக்ரோசாஃப்ட் செய்த ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானது. பழைய 11 பைட் இடத்தைத் தொடவில்லை. நீண்ட பெயரை 13 எழுத்துத் துண்டுகளாக்கி, பழைய நிரல்கள் கண்டுகொள்ளாத வகையில் மறைவாக அதே பட்டியலில் வரிசையாக வைத்தார்கள். கூடவே ஒவ்வொரு நீண்ட பெயருக்கும் ஒரு குட்டிப் பெயர். முதல் ஆறு எழுத்து, ஒரு அலைக்குறி, ஒரு எண். 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரை 'புரோக்ரா~1' என்ற வடிவில் பார்த்தவர்கள் பலர் இருப்பீர்கள். இன்றைக்கும் விண்டோஸின் சி டிரைவில் அந்த இரட்டைப் பெயர் வழக்கம் தொடர்கிறது.

பெயர் நீளத்தால் நகலில் சேதம் என்ற கதை இங்கேதான் தொடங்குகிறது. விண்டோஸ் 3.1-இலிருந்து வந்த பழைய கோப்பு மேலாளர் விண்டோஸ் 95-இலும் இருந்தது. அதற்கு நீண்ட பெயர் தெரியாது. அதன் வழியாக நகலெடுத்தால் குட்டிப் பெயர் மட்டுமே போய்ச் சேரும். பழைய டாஸ் கால வட்டுச் சீரமைப்புக் கருவியை ஓட்டினால், மறைத்துவைத்த துண்டுகளைக் குப்பை என்று நினைத்துக் கலைத்துவிடும். கோப்பின் உள்ளே இருப்பது பத்திரமாக இருக்கும். பெயர் மட்டும் போய்விடும். இப்படி நடக்கும் என்று தெரிந்தே, நீண்ட பெயர்களைத் தனியே சேமித்துவைத்துப் பிறகு மீட்டுக்கொள்ள ஒரு சிறு நிரலை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 95 குறுந்தகட்டிலேயே வைத்திருந்தது. அந்த நிரல் இருப்பதை அறிந்தவர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

பிறகு குறுந்தகடு எழுதும் காலம் வந்தது. விண்டோஸுக்காகச் சேர்த்த ஜோலியட் முறையில் ஒரு பெயருக்கு 64 எழுத்து. வன்தட்டில் நூறு எழுத்தில் இருந்த பெயரைக் குறுந்தகட்டில் ஏற்றும்போது எழுதும் நிரல் நறுக்கிவிடும். அதைவிடப் பழைய ஐ.எஸ்.ஓ. 9660 முறையின் முதல் நிலையில் மீண்டும் அதே எட்டும் மூன்றும். அந்த ஆண்டுகளில் திருமண ஆல்பமும் கோயில் கும்பாபிஷேகப் படங்களும் வட்டுகளில் ஏறின. அவற்றில் பல இன்று அலைக்குறிப் பெயர்களோடு கிடக்கின்றன.

இவ்வளவு நேரம் தமிழ்ப் பெயர் என்ற பேச்சே வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நீண்ட பெயர் வந்த பிறகும் தமிழில் பெயர் வைக்க வழியில்லாமல்தான் இருந்தது. எழுத்துரு ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு முறை; ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்திருந்தார்கள். ஆவணத்துக்குள் அந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் தமிழாகத் தெரியும். கோப்புப் பெயரை விண்டோஸ் தன் சொந்த எழுத்துருவில் காட்டுவதால் அங்கே வெறும் கிறுக்கல்தான் வரும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் ஒழுங்கு தேடியது. விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவோடு வந்து யூனிகோடு தமிழை இயக்கமுறைக்குள்ளேயே கொண்டுவந்தது. அதற்குப் பிறகுதான் ஒரு தமிழர் தன் கோப்புக்குத் தன் மொழியில் பெயர் வைத்து, அதைத் தமிழாகவே பார்க்க முடிந்தது. 1981-இலிருந்து எண்ணினால் அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டு ஆகியிருக்கிறது.

இனி இன்றைக்கு வருவோம். இன்று பெயரை யாரும் எண்ணி வைப்பதில்லை. செய்தித்தளத்தில் ஒரு கட்டுரையைச் சேமித்தால் தலைப்பு முழுவதுமே பெயராகிறது. அரசாணையைச் சேமிக்கும்போது துறையின் பெயர், ஆணை எண், நாள், பொருள் எல்லாம் பெயரில் ஏறுகின்றன. ஒரு கோப்பை அதே இடத்தில் பிரதியெடுத்தால் பெயரின் பின்னால் 'நகல்' என்று ஒட்டுகிறது. அதையும் பிரதியெடுத்தால் இன்னொரு 'நகல்'. ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் 'பழையது', அதற்குள் 'இறுதி', அதற்குள் 'இறுதி திருத்தியது'. தட்டும்போது எதுவும் தடுப்பதில்லை. ஒருநாள் மொத்தத்தையும் வெளிப்புற வன்தட்டுக்கு நகலெடுக்க இழுத்துவிடும்போது, சேருமிடத்தில் பாதை அதிக நீளமாகிறது, பெயரைச் சுருக்கிவிட்டு முயலுங்கள் என்று ஃபைல் எக்ஸ்ப்ளோரர் நிற்கிறது.

இங்கே இரண்டு தனித்தனி எல்லைகள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. ஒரு பெயர் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பது ஒன்று. டிரைவின் எழுத்தில் தொடங்கி எல்லா ஃபோல்டர் பெயர்களையும் கடந்து கோப்பின் கடைசி எழுத்து வரை முழுப் பாதையும் எவ்வளவு நீளலாம் என்பது இன்னொன்று. விண்டோஸில் பெயருக்கு 255, பாதைக்கு 260. அந்த 260-இல் முடிவைக் குறிக்கும் ஒரு கண்ணுக்குத் தெரியாத குறியும் அடக்கம் என்பதால் நமக்குக் கிடைப்பது 259. ஃபோல்டர் உருவாக்கும்போது அந்த 260-உம் 248 ஆகக் குறையும். இந்த 12 வித்தியாசம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஃபோல்டருக்குள் குறைந்தது ஒரு டாஸ் பெயராவது வைக்க இடம் வேண்டுமே என்று ஒதுக்கியது. எட்டு எழுத்து, ஒரு புள்ளி, மூன்று எழுத்து. முருகேசனின் கல்யாணப் பத்திரிகைக்கு அன்று கிடைத்த அதே இடம், இன்றைய விண்டோஸின் விதிக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

பாதை எல்லையின் தொல்லை என்னவென்றால், அது இருந்த இடத்தில் முட்டாது, போகும் இடத்தில்தான் முட்டும். டி டிரைவின் மேல்தட்டில் 240 எழுத்துப் பாதையோடு நிம்மதியாக இருந்த கோப்பை, 'அலுவலகக் காப்புநகல்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் ஆண்டு, அதற்குள் மாதம் என்று மூன்றடுக்குக்குக் கீழே கொண்டுபோனால் 259-ஐத் தாண்டிவிடும். அலுவலகங்களில் இதைவிட நுட்பமாக நடக்கும். சர்வரின் உள்ளே ஐந்தாறு அடுக்கு ஆழத்தில் இருக்கும் ஃபோல்டரை ஊழியரின் கணினியில் 'எம்' டிரைவ் என்று ஒற்றை எழுத்தில் இணைத்துக் கொடுத்திருப்பார்கள். அவருக்கு மூன்றெழுத்தில் பாதை தொடங்குகிறது. தாராளமாகப் பெயர் வைக்கிறார். அதே கோப்பைச் சர்வரிலிருந்து முழுப் பாதையோடு நகலெடுக்க முயலும் நிர்வாகியின் திரையில்தான் பிழை தோன்றுகிறது. பெயர் வைத்தவருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

நிரலாளர்களையும் இது விட்டுவைக்கவில்லை. என்.பி.எம். என்ற தொகுப்பு மேலாளர் ஒரு தொகுப்புக்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று ஃபோல்டர்களை அடுக்கிக்கொண்டே போனது. விண்டோஸில் அந்த ஃபோல்டர்களை நகலெடுப்பதற்கு மட்டுமல்ல, அழிப்பதற்கே தனிக் கருவி தேட வேண்டியிருந்தது. 2015-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு அடுக்கைத் தட்டையாக்கிய பிறகுதான் பலர் மூச்சுவிட்டார்கள்.

பாதை நீளம் என்று ஃபைல் எக்ஸ்ப்ளோரர் காட்டும் அறிவிப்புப் பெட்டியில் 'தவிர்' என்று ஒரு பொத்தான் இருக்கும். கூடவே, இனி வரும் எல்லாவற்றுக்கும் இதையே செய் என்று ஒரு கட்டம். இரவு எட்டு மணிக்கு, இன்னும் நாற்பது நிமிட நகல் பாக்கி இருக்கும்போது அந்தக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதவர் யார்? மறுநாள் காலை நகல் முடிந்திருக்கும். எந்தக் கோப்புகள் விடுபட்டன என்று ஒரு பட்டியலும் மிஞ்சியிருக்காது. பழைய கணினியை விற்றுவிட்டோ வட்டை அழித்துவிட்டோ ஆறு மாதம் கழித்துத் தேடும்போது, ஆழத்தில் இருந்த கோப்புகள் மட்டும் இருக்காது. டாஸ் காலத்தில் நீளம் என்பது பெயர் வைக்கும்போது பட்ட எரிச்சல். இன்று அது கோப்பே காணாமல்போகும் இழப்பு.

இதுவரை சொன்னது எல்லா மொழிக்காரருக்கும் பொது. தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சுவர் இருக்கிறது. அது விண்டோஸில் இல்லை. லினக்ஸிலும் ஆண்ட்ராய்டு கைபேசியிலும் இருக்கிறது.

லினக்ஸின் வழக்கமான எக்ஸ்ட்4 வட்டு முறையிலும் பெயரின் எல்லை 255-தான். எண் ஒன்றே என்பதால் பலரும் ஏமாறுகிறார்கள். விண்டோஸ் 255 குறிகளை எண்ணுகிறது. லினக்ஸ் 255 பைட்டுகளை எண்ணுகிறது. இரண்டு இடத்திலும் நீளத்தைக் குறிக்க ஒரு பைட் ஒதுக்கினார்கள், ஒரு பைட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 255. அதனால் எண் ஒன்றாக அமைந்தது. லினக்ஸில் பெயர்கள் யூ.டி.எஃப்-8 முறையில் எழுதப்படுகின்றன. யூனிக்ஸைத் தந்த அதே கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் வகுத்த முறை அது. அதில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், கிரேக்கத்துக்கும் அரபிக்கும் இரண்டு, தமிழுக்கும் இந்தி முதலான மற்ற இந்திய எழுத்துகளுக்கும் மூன்று. ஆக 255-ஐ மூன்றால் வகுத்தால் 85 தமிழ்க் குறிகள்.

குறி என்பது நாம் எண்ணும் எழுத்தும் அல்ல. உயிரெழுத்துக்கும் அகரம் ஏறிய உயிர்மெய்க்கும் ஒரு குறி போதும். 'கி' என்றால் ககரம் ஒன்று, கொக்கி ஒன்று என இரண்டு. 'க்' என்றாலும் ககரம் ஒன்று, புள்ளி ஒன்று. 'ஸ்ரீ' என்று ஒரு பெயரைத் தொடங்கினால் அதற்கு மட்டும் நான்கு குறி, 12 பைட். டாஸ் காலத்து முழுப் பெயரைவிட அது ஒரு பைட் அதிகம்.

ஓர் உதாரணத்தை எண்ணியே பார்ப்போம். 'மதுரை மாவட்ட ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் கூட்டத்தில் நிறைவேற்றப்பட்ட தீர்மானங்கள்' என்று ஒரு பி.டி.எஃப். கோப்பு. ஒன்பதே சொற்கள். ஓர் ஆசிரியர் சங்கச் செயலாளர் இயல்பாக வைக்கக்கூடிய பெயர். இதில் நாம் எண்ணும் எழுத்துகள் 54. யூனிகோடு குறிகள் 91. இடைவெளி எட்டும் புள்ளியோடு சேர்ந்த வால் நான்கும் கூட்டினால் 103. விண்டோஸில் 255-இல் பாதிகூட நிரம்பவில்லை. லினக்ஸில் 91-ஐ மூன்றால் பெருக்கிப் பன்னிரண்டைக் கூட்டுங்கள்: 285 பைட். எல்லையை 30 பைட் தாண்டிவிட்டது. இதே கூட்டத்தின் தீர்மானத்துக்கு ஆங்கிலத்தில் ஒன்பது சொல்லில் பெயர் வைத்தவருக்கு அந்த எல்லை கண்ணுக்கெட்டும் தூரத்தில்கூட இருக்காது.

விண்டோஸில் எழுதிய பென் டிரைவை லினக்ஸ் கணினியில் செருகினால் இந்தப் பெயர் முழுவதும் அழகாகத் தெரியும். கோப்பைத் திறந்து படிக்கவும் முடியும். கணினியின் சொந்த வட்டுக்கு நகலெடுக்கும்போதுதான் பெயர் மிக நீளம் என்ற பிழை வரும். கட்டளை வரியில் ஆயிரக்கணக்கான கோப்புகளை 'சிபி' கட்டளையால் நகலெடுத்தால், ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அந்த வரிகள் திரையில் மேலே ஓடி மறைந்துபோகும். ஆண்ட்ராய்டு கைபேசியின் உள் சேமிப்பிலும் இதே 255 பைட் எல்லைதான்.

இன்னும் நெருக்கமான சுவர்களும் உண்டு. பெயரையும் சேர்த்து மறையாக்கம் செய்யும் ஈகிரிப்ட்எஃப்எஸ் முறையில் பெயருக்கு 143 பைட்தான் மிஞ்சும். தமிழில் 47 குறி. நல்ல நீளமான ஒரு கட்டுரைத் தலைப்புக்கே போதாது. சில ஆண்டுகள் உபுண்டு தன் நிறுவலின்போதே இந்த மறையாக்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கேட்டது. அதற்கு 'ஆம்' என்றவர்களுக்கு, ஒரு கோப்பு ஏன் பக்கத்து வட்டில் சேர்கிறது, தன் வீட்டு ஃபோல்டரில் ஏன் சேரவில்லை என்பது விளங்காப் புதிராகவே இருந்திருக்கும். இணையத்திலிருந்து இறக்கும்போது சில தளங்கள் தமிழ்ப் பெயரைச் சதவீதக் குறிகளாக மாற்றியே அனுப்பிவிடுகின்றன. அப்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். 28 குறியிலேயே 255 நிறைந்துவிடும். பழைய மெக் கணினிகளின் எச்.எஃப்.எஸ். பிளஸ் வட்டு முறை வேறொன்று செய்தது. 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தே எழுதிவைத்தது. அங்கிருந்து லினக்ஸுக்கு அப்படியே வந்தால், ஆறு பைட்டில் முடிய வேண்டிய 'கொ' ஒன்பது பைட். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு பெயர்களைக் கணினி இரு வேறு கோப்புகளாக நினைக்கும் குழப்பமும் அதோடு சேர்ந்து வரும்.

கோப்பு மேலாளர்கள் இதற்கு என்ன செய்கின்றன? கருவிகளுக்குக் குறைவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். விண்டோஸுடன் சேர்ந்தே வரும் ரோபோகாப்பி நீண்ட பாதைகளைத் தயங்காமல் நகலெடுக்கும். பாதையின் முன்னால் \\?\ என்று சேர்த்தால் ஏறத்தாழ 32,767 எழுத்து வரை விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும் என்ற ஏற்பாட்டை இத்தகைய கருவிகள் பயன்படுத்திக்கொள்கின்றன. 2016-இல் வந்த விண்டோஸ் 10-இன் ஒரு பதிப்பு 260 எல்லையையே விலக்க வழிசெய்தது. கணினியில் ஓர் அமைப்பை மாற்ற வேண்டும், நிரலும் அதற்கு இசைந்து எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எல்லாரும் கையில் எடுக்கும் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் பெரும்பாலும் பழைய எல்லையிலேயே நிற்கிறது. ரோபோகாப்பி கொண்டுபோய் இறக்கிய கோப்பை எக்ஸ்ப்ளோரர் திறக்க மறுப்பதும் அதனால்தான்.

லினக்ஸ் பக்கம் பாதை நீளம் 4096 பைட் என்பதால் அங்கே பாதை பெரிய தொல்லையில்லை. தனிப்பெயரின் 255 பைட்தான் தொல்லை. கினோம் மேசையின் கோப்பு மேலாளர், அதே இடத்தில் பிரதி எடுக்கும்போது பெயர் எல்லையைத் தாண்டினால் தானாகவே சுருக்கிக்கொள்ளும். அதைச் செய்யத் தெரிந்த ஒரு நிரல், இன்னொரு வட்டுக்கு நகலெடுக்கும்போதும் உதவுவது முடியாத காரியமா? நகல் தொடங்குவதற்கு முன்பே எல்லாக் கோப்புகளின் மொத்த அளவைக் கூட்டி, இடம் போதுமா என்று இந்த மேலாளர்கள் பார்க்கின்றன. அந்த ஒரே நடையில் பெயர்களையும் அளந்துவிடலாம். சேருமிடத்தின் எல்லை என்ன என்று வட்டு முறையைக் கேட்டால் சொல்லும். இத்தனை கோப்புகளின் பெயர் அங்கே கொள்ளாது, இதோ பட்டியல், இப்படிச் சுருக்கட்டுமா என்று முதலிலேயே கேட்டால், இரவு எட்டு மணிக்குத் 'தவிர்' அழுத்தும் கட்டாயம் யாருக்கும் வராது. சுருக்கும்போது கடைசி மூன்றெழுத்து வாலை விட்டுவிடக் கூடாது. தமிழில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: ககரத்தை வைத்துக்கொண்டு அதன் கொக்கியை வெட்டிவிடக் கூடாது. பைட் எண்ணி நடுவில் வெட்டினால் கடைசி எழுத்து உடையும். 'கூட்டம்' 'கூட்டம' என்று நிற்கும். முழுப் பெயரையும் சுருக்கிய பெயரையும் அருகருகே எழுதிய ஒரு சிறு உரைக்கோப்பை அதே ஃபோல்டரில் விட்டுவைத்தால், இழந்ததை எப்போது வேண்டுமானாலும் மீட்டுக்கொள்ளலாம். டி.டி.பி. மையத்தின் கோடு போட்ட நோட்டு செய்த வேலை அதுதான்.

தமிழ் நூல்களைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்கள் இதை எப்போதோ உணர்ந்திருந்தார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் யூனிகோடு கோப்புகளுக்கு ஐந்து ஆங்கில எழுத்தும் நான்கிலக்க எண்ணும்தான் பெயர். இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்க்கும் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் தன் பி.டி.எஃப். கோப்புகளுக்கு வெறும் எண்ணையே பெயராக வைக்கிறது. நூலின் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் பட்டியலில் முழுமையாக, தமிழில் இருக்கும். எந்த வட்டுக்கு, எந்த இயக்கமுறைக்கு, எந்த நாட்டுச் சர்வருக்கு நகலெடுத்தாலும் அந்தக் கோப்புகள் பெயர் நீளத்தால் முட்டிக்கொள்ளாது. ஆயிரக்கணக்கான கோப்புகளை நெடுங்காலம் காக்க நினைப்பவர்களுக்கு இதுவே சரியான வழி.

ஆனால் வீட்டில் இருப்பவருக்கு அதே வழியைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அப்பாவின் பென்ஷன் காகிதத்துக்கு 00417 என்று பெயர் வைத்துவிட்டு, அது என்னவென்று ஒரு பட்டியலைத் திறந்து பார் என்று யாரிடமும் சொல்ல முடியாது. தமிழ்ப் பெயரெல்லாம் வம்பு, ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சில கணினிக் கடைகளில் அறிவுரை சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. தமிழில் பெயர் வைக்கும் வசதிக்கு இருபது ஆண்டு காத்திருந்தோம். மூன்று பைட் கணக்குக்காக அதைக் கைவிட வேண்டியதில்லை. தேவைப்படுவது கொஞ்சம் கணக்கும் ஒழுங்கும்.

அதனால் இதைப் படிக்கும் உங்களிடம் சில வார்த்தைகள். தமிழில் வைக்கும் கோப்புப் பெயரை ஐந்து சொல்லுக்குள் நிறுத்துங்கள். ஏறத்தாழ 50 எழுத்து வரை லினக்ஸும் கைபேசியும் தாங்கும், ஆனால் 'நகல்' என்று பின்னால் ஒட்டவும் இடம் வேண்டும். தேதியை எண்களில் எழுதுங்கள், எண்ணுக்கு ஒரு பைட்தான். ஃபோல்டர் சொல்வதைக் கோப்புப் பெயரில் மறுபடி சொல்ல வேண்டாம்: 'வீட்டு வரி' என்ற ஃபோல்டருக்குள் '2023 ரசீது' போதும். ஃபோல்டர்களை நான்கடுக்குக்கு மேல் ஆழமாக்காதீர்கள். பெரிய நகல் எடுக்கும்போது மேல்தட்டு ஃபோல்டரின் பெயரைத் தற்காலிகமாக ஓரெழுத்தாக்கிவிட்டு, முடிந்ததும் பழைய பெயருக்கு மாற்றுங்கள். நகல் முடிந்ததும் இரண்டு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். ஃபோல்டரின் பண்புகளைத் திறந்தால் இரண்டு நொடியில் தெரியும். எண்ணிக்கை ஒத்துப்போகும்வரை பழைய வட்டை அழிக்காதீர்கள், பழைய கணினியை விற்காதீர்கள்.

கோப்பு மேலாளர்களின் மூல நிரலில் கைவைக்கக்கூடிய தமிழ் இளைஞர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். லினக்ஸின் கோப்பு மேலாளர்களான டால்ஃபினும் நாட்டிலஸும் திறமூல மென்பொருள்கள். திருத்தம் அனுப்ப யார் அனுமதியும் வேண்டியதில்லை. 85 குறியில் முட்டும் பெயரைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் ஆங்கிலத்தில் மட்டும் பெயர் வைப்பவருக்கு எளிதில் தோன்றாது. அது நமக்குத்தான் தெரிந்த சிரமம். அதைத் திருத்தும் வேலையையும் நீங்களே கையில் எடுங்கள்.